முன் ஷாஃப்ட் கழலாமல் இருக்க

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அங்கே போய்விட்டால் எட்டரை வரை வெயில் உறைக்காது. பாறையின் மேற்குப் பக்கம் படிப்படியாக உடைந்து இறங்கும். ஒவ்வொரு படியும் ஒரு சாண் உயரம். சில இடத்தில் ஒரு முழம். என் ரிமோட் வண்டிக்கு அது மலை.

வண்டி 1/10 அளவு ராக் கிராலர். 2021ல் பெங்களூரில் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 313 மி.மீ., எடை பேட்டரியோடு 2.7 கிலோ. வேகம் கிடையாது, நான் நடக்கிற நடைதான். அந்த நடையில் அது கல்லைப் பிடித்து ஏறுவதைப் பார்ப்பதற்காகவே வாரம் முழுக்க ஞாயிறுக்குக் காத்திருக்கிறேன்.

வாங்கின இரண்டாவது மாதம். மூன்றாவது படியின் விளிம்பில் முன் சக்கரம் இரண்டும் தொற்றிக்கொண்டு நின்றன. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டினேன். மோட்டார் சத்தம் வந்தது, பின் சக்கரங்கள் சுற்றின, முன் சக்கரங்கள் அசையவே இல்லை. வண்டி மெதுவாகப் பின்னால் சரிந்து கீழ்ப்படியில் மல்லாந்தது. எடுத்துப் பார்த்தால், முன் ஷாஃப்ட்டின் ஒரு முனை ஆக்சிலை விட்டுக் கழன்று தொங்குகிறது. அதைப் பிடித்திருந்த ஸ்க்ரூவைக் காணோம். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய சாமான், பாறை இடுக்கில் எங்கே என்று தேட? அன்றைக்கு வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் இறங்கினேன்.

அடுத்த ஒன்றரை வருடத்தில் இதே மாதிரி ஏழு தடவை நடந்தது. ஏழு தடவையும் முன் ஷாஃப்ட். அந்த ஸ்க்ரூ உள்ளூரில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆகும், சாமான் விலையைவிடத் தபால் செலவு அதிகம். என் வேலை ஒரு டூல் ரூமில், அதாவது தொழிற்சாலைக்கான கருவிகளைச் செய்யும் பட்டறையில். இருபத்திரண்டு வருடமாக இரும்போடு பழகுகிற எனக்கு, ஒரு ஸ்க்ரூ ஏன் நிற்கவில்லை என்பது தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இப்படி ஒரு வண்டி வைத்திருக்கிற யாருக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகும்.

முதலில் அமைப்பு. மோட்டார், கியர்பாக்ஸ் இரண்டும் வண்டியின் நடுவில். அங்கிருந்து முன் ஆக்சிலுக்கு ஒரு ஷாஃப்ட், பின் ஆக்சிலுக்கு ஒரு ஷாஃப்ட். ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் யு.ஜே. ஜாயின்ட், அதாவது வளைந்து நின்றாலும் சுற்றைக் கடத்தும் யுனிவர்சல் ஜாயின்ட். நடுவில் குழாய்க்குள் கம்பி நுழைகிற மாதிரி நீண்டு சுருங்கும் சிலைடர். சஸ்பென்ஷன் மேலும் கீழும் ஆடும்போது நீளம் மாற வேண்டுமே, அதற்காக. ஜாயின்ட்டின் கப்பு, கியர்பாக்ஸிலிருந்தோ ஆக்சிலிலிருந்தோ வரும் 5 மி.மீ. தண்டின் மேல் மாட்டும். கப்பிலும் தண்டிலும் குறுக்காக ஒரே நேரில் ஓட்டை. அதற்குள் ஒரு ஸ்க்ரூ போகும். அதன் பாதி எம்3 மரை (3 மி.மீ. விட்டம்), மீதி மரை இல்லாத 2 மி.மீ. மொழுமொழு பின். தலை கிடையாது. உள்ளே 1.5 மி.மீ. எல்லன் கீ என்கிற ஆறுமூலைச் சாவி போடும் குழி மட்டும்தான்.

இதைக் கையில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று விளங்க வேண்டும். எனக்கு விளங்க நாளாயிற்று. முறுக்கைத் தாங்குவது அந்த 2 மி.மீ. பின்தான், மரை இல்லை. பின் வெளியே வந்துவிடாமல் காவல் காப்பது மட்டுமே மரையின் வேலை. ஆகவே மரையை எவ்வளவு இறுக்கினாலும் ஷாஃப்ட்டின் பலம் கூடாது. பின்னுக்கும் ஓட்டைக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருக்கும். முன்னே போய், நின்று, பின்னே வந்து, மறுபடி முன்னே போகிற ஒவ்வொரு தடவையும் பின் அந்த இடைவெளிக்குள் இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி அடிக்கும். பாறை ஏறும் வண்டிக்கு முன்னும் பின்னும் போவதுதான் பிழைப்பே.

ஸ்க்ரூவை நேராக இழுத்தால் அவ்வளவாகக் கழலாது, பக்கவாட்டில் ஆட்டினால்தான் தானாகத் திரும்பிக் கழலும் என்பதை 1969ல் ஜெர்மனியின் கெர்ஹார்ட் யுங்கர் சோதித்துக் காட்டினார். பக்கவாட்டில் நழுவுகிற அந்தக் கணத்தில் மரைக்கு உராய்வு இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது. போல்ட் கழலுமா என்று பார்க்க இன்றும் தொழிற்சாலைகளில் செய்யும் சோதனைக்கு அவர் பெயர்தான். எங்கள் டூல் ரூமில் இதைப் பாடமாகச் சொல்லித்தந்திருக்கிறார்கள். ஆனால் உள்ளங்கையளவு ஆக்சிலுக்குள்ளும் அதுவேதான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

தோன்றாததால் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். இன்னும் இறுக்கினேன். கையிலிருந்த எல்லன் கீ பழையது, முனை தேய்ந்து ஆறு மூலையும் மழுங்கியது. நாலாவது ஸ்க்ரூவில் குழி வட்டமாகிவிட்டது. இறுக்கவும் முடியவில்லை, கழற்றவும் முடியவில்லை. நான் அப்ரென்டிஸாக இருந்தபோது எங்கள் மேஸ்திரி, "தேஞ்ச சாவியில கை வைக்காதடா, சாமான் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். 1.5 மி.மீ. சாவி தேய்ந்தால் அதைத் தூக்கிப் போடவும் வேண்டாம். முனையில் ஒன்றரை மி.மீட்டரைக் கிரைண்டரில் நேராகத் தேய்த்து எடுத்தால் உள்ளே புது மூலை இருக்கும். தேய்க்கும்போது நிறம் மாறாமல் தண்ணீரில் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். நீலம் பாய்ந்துவிட்டால் அந்த முனை மெத்தென்று ஆகிவிடும். உருண்டை முனைச் சாவி எட்டாத இடத்தில் சுற்றுவதற்கு மட்டும். கடைசி இறுக்கு எப்போதும் நேர்முனைச் சாவியில்.

அடுத்து பசை. மரை லாக் பண்ணும் சிவப்புத் திரவம் ஒரு பாட்டில் வாங்கி ஸ்க்ரூவை அதில் முக்கியே போட்டேன். மூன்று மாதம் கழலவில்லை. அதற்குள் ஆக்சில் பேரிங் மாற்ற வேண்டி வந்தது, கழற்றப் போனால் அசையவில்லை. சிவப்பு வகை விட்டுக்கொடுக்க ஏறக்குறைய 250 டிகிரி சூடு வேண்டும். சால்டரிங் அயர்னைக் கப்பில் வைத்துக் காத்திருந்தேன். ஷாஃப்ட்டின் சிலைடர் குழாய் நைலான். நைலான் 6 வகை 220 டிகிரியில் உருகிவிடும். ஸ்க்ரூ வெளியே வந்தபோது குழாயின் வாய் கோணி, கம்பி உள்ளே போகவில்லை. ஒரு ஷாஃப்ட் போயிற்று. பிளாஸ்டிக் பக்கத்தில் இருக்கும் எந்த ஸ்க்ரூவுக்கும் சிவப்பு வேண்டாம்.

விடை கிடைத்தது கிருஷ்ணகிரி சாலையில் ஒரு லாரி ஷெட்டில். கம்பெனி வண்டி ஒன்றை வேலைக்கு விட்டிருந்தோம், எடுத்துவரப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு பத்துச் சக்கர லாரியின் பிராப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றித் தரையில் போட்டு, ஜாயின்ட்டுக்குள் இருக்கும் கூட்டல் குறி வடிவ கிராஸை மாற்றிக்கொண்டிருந்தார் ஒரு மெக்கானிக். வயதானவர். சிலைடரை உருவுவதற்கு முன்னால் துணியால் கிரீஸைத் துடைத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் குனிந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். குழாயில் ஒரு அம்புக்குறி, கம்பியில் ஒரு அம்புக்குறி, இரண்டும் எதிரெதிரே.

"எதுக்குண்ணே இது?" என்று கேட்டேன்.

"ஆரோ பாத்துதான் தம்பி திருப்பி ஏத்தணும். ரெண்டு பக்கத்து முள்ளும் ஒரே நேரா நிக்கணும். ஒரு பல்லு தள்ளிப் போட்டாலும் வண்டி தூக்கித் தூக்கி அடிக்கும். கிராஸ் தாங்காது, போல்ட்டு தாங்காது."

முள் என்று அவர் சொன்னது ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் இருக்கும் கவட்டையை. வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றவில்லை. வண்டியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். முன் ஷாஃப்ட்டில் கியர்பாக்ஸ் பக்கக் கவட்டை மேலும் கீழுமாக நின்றது, ஆக்சில் பக்கக் கவட்டை இடமும் வலமுமாக. சரியாக 90 டிகிரி தள்ளி. என் வண்டியின் சிலைடர் சதுரம், நாலு விதமாகவும் நுழையும். அதில் இரண்டு சரி, இரண்டு தப்பு. முதல் மாதம் சேற்றில் ஓட்டிவிட்டு, கழற்றிக் கழுவித் திருப்பிப் போட்டது நான்தான். பின் ஷாஃப்ட்டை நான் உருவவில்லை. அது சரியாகவே இருந்தது, ஒருநாளும் கழலவும் இல்லை.

இதன் காரணம் அழகானது, சொல்லாமல் விட மனமில்லை. யு.ஜே. ஜாயின்ட் வளைந்து நிற்கும்போது, ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறு பக்கம் சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். எவ்வளவு என்பது வளைவைப் பொறுத்தது. 10 டிகிரி வளைவில் முந்துவதும் பிந்துவதும் 1.5 சதவீதம்தான். 20 டிகிரியில் 6 சதவீதம். 30 டிகிரியில் 15 சதவீதம் முந்தி 13 சதவீதம் பிந்தும். வளைவு இரட்டித்தால் ஆட்டம் நாலு மடங்கு. ஷாஃப்ட்டின் இரண்டு கவட்டையும் ஒரே நேரில் நின்றால், முதல் ஜாயின்ட் முந்தும் இடத்தில் இரண்டாவது பிந்தி, ஒன்றை ஒன்று அழித்துவிடும். 90 டிகிரி தள்ளி நின்றால் அழிக்காது, இரண்டும் சேர்ந்து இரட்டிக்கும்.

என் வண்டிக்குக் கணக்குப் போட்டேன். டயர் விட்டம் 120 மி.மீ., ஒரு சுற்றுக்கு 377 மி.மீ. போகும். ஆக்சிலுக்குள் கிரவுன் என்கிற பெரிய கியரில் 30 பல், அதைச் சுற்றும் பினியன் என்கிற சின்ன கியரில் 8 பல், ஆக சக்கரம் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 3.75 சுற்று. வண்டி ஒரு மீட்டர் போனால் ஷாஃப்ட் கிட்டத்தட்ட 10 சுற்று. நூறு மீட்டருக்கு ஆயிரம் சுற்று, இரண்டாயிரம் இழுப்பு, இரண்டாயிரம் தளர்வு. ஒவ்வொன்றும் அந்த 2 மி.மீ. பின்னைப் பக்கவாட்டில் தட்டுகிறது. யுங்கர் இயந்திரம் வைத்துச் செய்த சோதனையை நான் ஒவ்வொரு ஞாயிறும் பாறையில் செய்துகொண்டிருந்தேன். நான் இறுக்கியது எதுவும் அதற்கு முன்னால் நிற்கவில்லை.

கவட்டையைத் திருப்பிப் போட்டேன். அடுத்த வாரமே வித்தியாசம் காதில் கேட்டது. மெதுவாக ஏறும்போது முன்னாலிருந்து வந்துகொண்டிருந்த கடகட சத்தம் பாதியாயிற்று. பாதிதான்.

மிச்சப் பாதி வளைவில் இருந்தது. கல் இடிக்கக் கூடாது என்று 90 மி.மீ. ஷாக் அப்சார்பரை எடுத்துவிட்டு 100 மி.மீ. ஷாக் போட்டு வண்டியை உயர்த்தியிருந்தேன். பார்க்கவும் கம்பீரமாக இருந்தது. பெவல் புரொட்ராக்டரை வைத்து அளந்தால், சும்மா நிற்கும்போதே முன் ஷாஃப்ட் 28 டிகிரி. ஒரு சக்கரம் தொங்கினால் 30ஐத் தாண்டுகிறது. சரி, ஆக்சிலைத் திருப்பலாம் என்று ஆக்சிலைச் சட்டத்தோடு இணைக்கும் கம்பியான மேல் லிங்கின் நீளத்தை மாற்றி பினியனின் மூக்கை கியர்பாக்ஸைப் பார்க்கத் தூக்கினேன். கிராலர் ஓட்டுகிறவர்கள் பலரும் செய்வதுதான். ஆக்சில் பக்க ஜாயின்ட் நேராகிவிட்டது, பார்க்க அருமையாக இருந்தது. ஓட்டினால் கடகட கூடியிருந்தது. யோசித்தால் புரிந்தது. இரண்டு ஜாயின்ட்டும் ஒன்றை ஒன்று அழிக்க வேண்டுமானால் இரண்டிலும் வளைவு சமமாக இருக்க வேண்டும். ஒன்றை நேராக்கிவிட்டால் மற்றதன் ஆட்டத்தை அழிக்க ஆளில்லை. லாரியில் கியர்பாக்ஸ் தண்டும் ஆக்சில் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்பது அதற்குத்தான். போதாததற்கு, முன் ஆக்சிலைத் திருப்பினால் ஸ்டியரிங்கின் காஸ்டர் கோணமும், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வும், சேர்ந்து மாறும். வண்டி நேராகத் திரும்பி வர மறுத்தது.

ஆக லிங்கைப் பழையபடி வைத்து, 90 மி.மீ. ஷாக்கையே திரும்பப் போட்டேன். வளைவு 19 டிகிரிக்கு இறங்கியது. உயரம் குறைந்ததில் வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் வண்டி தாழ்ந்ததும் சரிவில் கவிழ்வதும் குறைந்தது. உயரம்தான் வேண்டும் என்றால் போர்ட்டல் ஆக்சில் இருக்கிறது. 2017ல் வந்த டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 என்கிற ரிமோட் வண்டியில் அதுதான். சக்கரத்தோடு தனி கியர் வைத்து ஆக்சிலையே சக்கரத்தின் மையத்துக்கு மேலே தூக்கிவிடுவார்கள், ஷாஃப்ட் அதிகம் வளைய வேண்டாம், கல்லிலும் இடிக்காது. என் வண்டிக்கு அதை மாற்றுகிற செலவில் பாதி வண்டி வாங்கலாம்.

நீளத்தையும் அளக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சும்மா நிற்கும்போது என் சிலைடருக்குள் கம்பி 24 மி.மீ. நுழைந்திருந்தது, போதும் என்று நினைத்தேன். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டியைக் கையில் தூக்கி, முன் இடது சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு வலதை முழுக்க அழுத்திப் பார்த்தால் 9 மி.மீ. மட்டுமே உள்ளே இருந்தது. அந்த நிலையில் முறுக்கு வந்தால் கம்பி குழாயின் வாயை நெம்பும், அந்த நெம்பல் நேராக ஸ்க்ரூவுக்குப் போகும். தாழ்வான ஷாக் போட்டதும் அது 15 ஆயிற்று. அதற்குக் கீழே நான் விடுவதில்லை. எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். இரண்டு சக்கரத்தையும் மேலே அழுத்தும்போது கம்பி குழாயின் அடியில் முட்டக் கூடாது. குறைந்தது 3 மி.மீ. மிச்சம் இருக்கட்டும். முட்டினால் ஷாஃப்ட் இரண்டு முனையையும் வெளியே தள்ளும், கியர்பாக்ஸ் பேரிங் அடிவாங்கும். சிலைடருக்கு கிரீஸ் போடாதீர்கள். பாறைத் தூள் அதில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். நான் பென்சில் முனையைச் சுரண்டிய தூளைத்தான் தடவுகிறேன்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்க்ரூ. வெளிநாட்டுக்குக் காத்திருக்காமல் நானே செய்துகொள்கிறேன். எம்3 கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ), 12 மி.மீ. நீளம், 45எச் தரம், பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். 45எச் என்றால் கடினம் குறைந்தது 450 விக்கர்ஸ். அதை லேத்தின் கோலெட்டில் பிடித்து, கார்பைட் டிப்பில் நுனி 6 மி.மீட்டரை 2 மி.மீ. விட்டத்துக்குக் கடைந்துவிட்டால் பின் தயார். எல்லன் குழி ஏற்கெனவே இருக்கிறது. கடையும்போது தண்டின் ஓட்டையை அளந்து, பின் கையால் அழுத்தினால் மட்டும் நுழைகிற அளவுக்கு விடுகிறேன். அந்த மயிரிழை இடைவெளி போனதே எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம். லேத் இல்லாதவர்கள் கப்பையும் தண்டையும் கையில் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாலே போதும். டக்டக்கென்று விளையாடினால் தண்டின் ஓட்டை நீள்வட்டமாகிவிட்டது என்று அர்த்தம். அதில் எந்த ஸ்க்ரூவும் நிற்காது, தண்டை மாற்றத்தான் வேண்டும்.

துருப்பிடிக்காது, பளபளக்கும் என்று ஸ்டெயின்லெஸ் போடுகிறார்கள். இந்த இடத்துக்கு வேண்டாம். ஏ2-70 ஸ்டெயின்லெஸ்ஸின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல், 12.9 தர இரும்பினுடையது 1200. பின் நுனி நசுங்கிக் காளான் மாதிரி விரிந்துவிட்டால் ஓட்டையிலிருந்து அதை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. ஸ்க்ரூ விழுந்தால் காந்தம் வைத்துத் தேட வேண்டும், இந்த ஸ்டெயின்லெஸ் காந்தத்தில் சரியாக ஒட்டாது. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றைப் பாலிதீன் பைக்குள் போட்டு வண்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நம் பக்கத்து மணலில் கறுப்பு இரும்பு மணல் நிறைய. வெறும் காந்தத்தை வைத்தால் தாடி முளைத்த மாதிரி அப்பிக்கொள்ளும். பையை உள்வெளியாகத் திருப்பினால் மணல் உதிரும், ஸ்க்ரூ இருந்தால் கண்ணுக்குத் தெரியும். இரண்டு ஸ்க்ரூவை அப்படி மீட்டிருக்கிறேன்.

பசை இப்போதும் போடுகிறேன், ஆனால் சொட்டு மட்டும். லாக்டைட் 222 சின்ன ஸ்க்ரூவுக்கான ஊதா, 243 நடுத்தர நீலம். இரண்டும் கைச்சாவியிலேயே கழலும். எனக்கு 222 போதுமாக இருக்கிறது. இந்தத் திரவத்தின் கதை எனக்குப் பிடித்தது. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரின் டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னான் கிரீபிள் 1953ல் உண்டாக்கியது. காற்று இருக்கிற வரை இது திரவமாகவே இருக்கும். காற்று படாமல் இரண்டு உலோகத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டால்தான் கெட்டியாகும். புது பாட்டிலைக்கூட முழுக்க நிரப்பாமல் காற்றுக்கு இடம் விட்டு விற்பது அதனால்தான். முதல் தடவை கடைக்காரரோடு நான் சண்டைக்குப் போகவிருந்தேன்.

எண்ணெய் இருந்தால் சரியாகப் பிடிக்காது. ஸ்க்ரூவையும் கப்பின் மரையையும் கார்புரேட்டர் கிளீனர் அடித்தோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவியோ நன்றாக உலரவிட வேண்டும். பெட்ரோல் வேண்டாம், படலம் விட்டுப் போகும். சொட்டை ஊசி முனையில் எடுத்து மரையில் மட்டும் வையுங்கள், பின் நுனியில் வைக்காதீர்கள். வண்டியின் மேல் பாடி பாலிகார்பனேட், உள்ளே ஏபிஎஸ் பாகம் இருக்கும். இந்தத் திரவம் பட்டால் இரண்டும் விரிசல் விடும். முழுக்கக் கெட்டியாக 24 மணி நேரம். அதனால் இந்த வேலையை நான் வெள்ளிக்கிழமை இரவு செய்கிறேன். சனி இரவு போட்டால் ஞாயிறு காலைக்கு அரைவேக்காடு.

கடைசியாக ஒரு சட்டை. எலெக்ட்ரிக் கடையில் விற்கும் 10 மி.மீ. ஹீட் ஷ்ரிங்க் குழாயை ஒரு விரல் அகலம் வெட்டி, ஸ்க்ரூ இருக்கும் ஓட்டையை மூடுகிற மாதிரி கப்பின் மேல் ஏற்றி, ஹேர் டிரையரில் சுருக்கிவிடுவேன். பசை விட்டுப்போய் ஸ்க்ரூ பின்வாங்கினாலும் இந்தச் சட்டையில் முட்டி நிற்கும், வெளியே விழாது. கவட்டை மடங்கும் இடத்தை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னோடு வேலை செய்கிற தம்பி ஒருவர் 1/24 அளவு குட்டி வண்டி வைத்திருக்கிறார், ஷாஃப்ட் முழுக்க பிளாஸ்டிக். கப்பின் வாய் விரிந்து பந்து நழுவிக்கொண்டே இருந்தது. அதற்கும் இதே குழாயைச் சிறிய அளவில் வாயைச் சுற்றிப் போட்டுக் கொடுத்தேன். "அண்ணா, இருபது ரூபா வேலைண்ணா இது" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

சட்டை போட்டுவிட்டால் ஸ்க்ரூ கண்ணுக்குத் தெரியாது. முன் ஷாஃப்ட்டின் ஆக்சில் முனையில் மட்டும் சட்டையில் சின்ன ஜன்னல் வெட்டி வைத்திருக்கிறேன், ஸ்க்ரூவின் குழி விளிம்பு தெரியும் அளவுக்கு மட்டும். பசை காய்ந்த பிறகு, ஸ்க்ரூவிலிருந்து கப்பு வரை ஒரே கோடாக என் மகளின் சிவப்பு நெயில் பாலிஷை இழுத்துவிடுவேன். ஸ்க்ரூ இம்மி திரும்பினாலும் கோடு உடையும். தொழிற்சாலையில் போல்ட்டுக்கு பெயின்ட் மார்க் வைப்பதும் இப்படித்தான். ஒவ்வொரு பேட்டரி மாற்றும்போதும் ஒரு பார்வை, அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஸ்க்ரூ கழலாமல் ஓடுகிற பதினோராவது மாதம். மகளும் வந்திருந்தாள். மூன்றாவது படி, முதல் தடவை வண்டி மல்லாந்த அதே விளிம்பு. முன் சக்கரம் பிடித்தது, வயிறு கல்லில் உரசியது, பின் சக்கரம் மேலே வந்தது. அவள் ஓடிப்போய் வண்டியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள்.

"கோடு நேராத்தான்ப்பா இருக்கு."

பேட்டரியில் இன்னும் பாதி இருந்தது. நாலாவது படிக்கு எந்தப் பக்கமாக ஏறுவது என்று இருவரும் குனிந்து பார்த்தோம்.